கல்யாண ரிசப்ஷனில் குடிக்க என்ன கொடுக்கலாம்? முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

மண்டபம் பிடித்தாயிற்று, சாப்பாட்டு மெனுவும் பேசியாயிற்று என்ற நிலையில்தான் கேட்டரிங்காரர் கடைசியாகக் கேட்பார்: "வெல்கம் டிரிங்க் என்ன போடட்டும்?" வீட்டுப் பெரியவர்கள் அதற்குள் களைத்திருப்பார்கள். "ஏதாவது நல்லதா போடுங்க" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். அந்த "ஏதாவது" எப்படியும் நீல நிறத்தில் ஒரு சர்க்கரைத் தண்ணீராகவோ, பாதி சூடான ரோஸ்மில்க்காகவோ வந்து நிற்கும்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை மண்டபத்தில் நடக்கிற வழக்கமான ரிசப்ஷனை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என்ன பானம் என்ற கேள்வி அப்புறம்தான். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கே நின்றபடி அதை வாங்கிக் குடிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். அது தெளிவானால் பானத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

முதலில் மண்டபத்தைப் பாருங்கள்

மண்டபத்து மேனேஜரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். வெளியாள் ஸ்டால் போட அனுமதி உண்டா? சில மண்டபங்களில் அவர்களே வைத்திருக்கும் கேட்டரிங்காரரைத்தான் எடுக்க வேண்டும், ஜூஸ் ஸ்டால்கூட அவர் மூலமாகத்தான். டீப் ஃப்ரீசர் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா? "இருக்கு" என்பதோடு விட்டுவிடாமல் திறந்து பார்த்துவிடுங்கள். நுழைவாயில் பக்கம் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது? கரண்ட் போனால் ஜெனரேட்டர் எந்தெந்த லைனுக்கு வரும்? மேடை விளக்குக்கு வரும், ஃப்ரீசருக்கு வராது என்ற கதை நிறைய மண்டபங்களில் உண்டு.

அப்படியே வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். எல்லோரும் வெல்கம் டிரிங்க் மேசையை வாசலை ஒட்டியே போட்டுவிடுகிறார்கள். சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர் எல்லாம் அங்கேதான் இருக்கும். கையில் பரிசுப் பொட்டலம், இடுப்பில் குழந்தை, அதற்கு மேல் ஒரு கிளாஸ் என்றால் வந்தவர் எதைப் பிடிப்பார்? பத்துப் பதினைந்து அடி தள்ளி, உள்ளே நாற்காலி தொடங்கும் இடத்தில் போடச் சொல்லுங்கள். மேடைக்கு வரிசை நிற்கும் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. அரை மணி நேரம் வரிசையில் நிற்பவருக்குத்தான் உண்மையில் தாகம் எடுக்கும். பக்கத்திலேயே காலி கிளாஸ் போட ஒரு பெரிய தொட்டி வேண்டும். அது இல்லாவிட்டால் நாற்காலிக்கு அடியில் கிளாஸ்கள் உருள ஆரம்பிக்கும். அவற்றின் மேல் பட்டுப்புடவைகள் நடக்கும்.

அடுத்தது, எத்தனை கிளாஸ்

எண்ணூறு பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் பானம் எடுக்க மாட்டார்கள். தாமதமாக வந்து நேராகப் பந்திக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், சர்க்கரை வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கணக்கைக் குழந்தைகள் ஈடுகட்டிவிடுவார்கள், ஆளுக்கு மூன்று கிளாஸ் குடித்து. ஏறத்தாழ 700 கிளாஸ் என்று வைத்தால் போதும்.

கிளாஸ் அளவுதான் செலவைத் தீர்மானிக்கும். 200 மில்லி கிளாஸ் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பசியும் அடங்கிப்போய், இலையில் போட்டது வீணாகும். 150 மில்லி கிளாஸில் 120 மில்லி ஊற்றினால் சரியாக இருக்கும். 700 கிளாஸுக்கு 84 லிட்டர். இரண்டு வகை வைப்பதாக இருந்தால் பால் சேர்ந்தது 50 லிட்டர், பால் சேராதது 34 லிட்டர் என்று பிரிக்கலாம். கோடைக்காலம் என்றால் இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள்.

இரண்டு வகை போதுமா என்று கேட்பீர்கள். போதும். ஐந்து வகை வைத்தால் வருகிறவர் ஒவ்வொருவரும் மேசை முன் நின்று "இது என்ன, அது என்ன" என்று கேட்பார். பின்னால் வரிசை நீளும். நன்றாகச் செய்த ஒரு ரோஸ்மில்க்கும் ஒரு நன்னாரி எலுமிச்சையும், சுமாரான ஐந்தைவிட மேல். விதவிதமாக வைத்தால்தான் கௌரவம் என்று சம்பந்தி வீட்டில் யாராவது சொன்னால், அந்தக் கௌரவத்தைப் பந்தியில் காட்டலாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாக்டெயில் கவுண்டர் பற்றி ஒரு கணக்கு

இப்போது எல்லா கேட்டரிங்காரரும் தருகிற அட்டையில் மாக்டெயில், அதாவது மது சேராத கலவை பானம், கவுண்டர் இருக்கிறது. கறுப்புச் சட்டை போட்ட பையன் பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, நீலமும் பச்சையுமாக அடுக்கடுக்காக ஊற்றிக் கொடுப்பார். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கிளாஸுக்கு நாற்பது விநாடி பிடிக்கிறது என்று வைத்தால், ஒருவர் ஒரு மணி நேரத்தில் 90 கிளாஸ்தான் கலக்க முடியும். ரிசப்ஷனுக்கு ஏழேகாலிலிருந்து எட்டேகாலுக்குள் முந்நூறு, நானூறு பேர் வந்து குவிவார்கள். ஒரு கவுண்டர் அவர்களில் நாலில் ஒரு பங்குக்குத்தான் கொடுக்கும். மீதிப்பேர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆசையாக இருந்தால் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வெல்கம் டிரிங்காக வைக்காதீர்கள். சாப்பிட்டு முடித்து வெளியே வரும் பக்கம், ஐஸ்கிரீமுக்கும் பீடாவுக்கும் அருகில் போட்டால் நெரிசல் இருக்காது, இளவட்டங்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஜிகர்தண்டாவுக்கும் இதே விதிதான். பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று கையால் ஒவ்வொன்றாகப் போட வேண்டிய சமாசாரம், ஸ்பூனும் வேண்டும். மதுரைப்பக்கக் கல்யாணம் என்றால் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதன் இடம் பந்திக்குப் பிறகுதான். பிசினை முந்தின இரவே ஊறப்போட்டாரா என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஊறியது பல்லில் கடிபடும்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது

பங்குனியிலிருந்து ஆனி வரை என்றால் நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து சப்ஜா விதை போட்டது முதல் தேர்வு. விதையைக் கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும். எலுமிச்சையை இரண்டு சிறிய கிளாஸுக்கு ஒரு பழம் என்று கணக்கு வையுங்கள். சித்திரை, வைகாசியில் எலுமிச்சை விலை எகிறும். அப்போது கேட்டரிங்காரர் சத்தமில்லாமல் எலுமிச்சை எசென்ஸுக்கு மாறிவிடுவார். பழம்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்குங்கள். நுங்கு கிடைக்கும் மாதங்களில் நுங்கு சர்பத் வைத்தால் மறுநாளும் அதைப்பற்றித்தான் பேசுவார்கள். சீவிய நுங்கு சீக்கிரம் கெடும் என்பதால் அன்று மதியத்துக்கு மேல் வந்து இறங்க வேண்டும்.

இளநீர் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் எண்ணூறு பேருக்கு இளநீர் வெட்ட எத்தனை ஆள் வேண்டும், மட்டை மலையாகக் குவிந்தால் யார் அள்ளுவது என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். இளநீரோடு வழுக்கையை அடித்துச் சேர்த்து கிளாஸில் கொடுப்பது நடைமுறைக்குச் சுலபம். கரும்பு ஜூஸ் மெஷினை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிழிந்தவுடன் குடித்தால் அமிர்தம், பிழிந்து அண்டாவில் வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப்போகும். மெஷின் சத்தம் நாதஸ்வரத்தோடு போட்டி போடும். வாசலுக்கு வெளியே என்றால் சரி.

ஐப்பசி, கார்த்திகை, தை மாதங்களில் மாலை ஏழு மணிக்கு ஐஸ் போட்ட பானத்தைப் பெரியவர்கள் தொட மாட்டார்கள். சூடான பாதாம் பால்தான் அப்போது ராஜா. இதில்தான் ஏமாற்றும் அதிகம். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்து, பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது ஒரு வகை. கஸ்டர்ட் பவுடரும் மஞ்சள் கலரும் எசென்ஸும் சேர்த்து, மேலே நாலு பாதாம் சீவலைத் தூவுவது இன்னொரு வகை. விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். மெனு பேசும்போதே ஒரு டம்ளர் ருசி பார்க்கக் கேளுங்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாருங்கள், கஞ்சி மாதிரிக் கெட்டிப்பட்டால் மாவுதான் அதிகம். அந்த விலைக்கு அரைத்த பாதாம் கட்டுப்படியாகாது என்றால், பனங்கற்கண்டும் மிளகும் மஞ்சளும் போட்ட பால் வையுங்கள். செலவும் குறைவு, வயிற்றுக்கும் இதம். சுக்கு மல்லிக் காபியும் மழை நாளில் எடுபடும். பால் வேண்டாம் என்பவர்களுக்கும் அது ஆகும்.

ரோஸ்மில்க்குக்கு வருவோம். குழந்தைகள் இருக்கிற கல்யாணத்தில் அதைத் தவிர்க்க முடியாது. 50 லிட்டருக்கு ஏறக்குறைய 45 லிட்டர் பாலும் 5 லிட்டர் சிரப்பும் பிடிக்கும். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஃப்ரீசரில் நன்றாகக் குளிரவிட்டுப் பிறகு கலக்க வேண்டும். குளிராத பாலில் ஐஸைக் கொட்டிக் குளிரவைப்பதால்தான் மண்டபத்து ரோஸ்மில்க் தண்ணீராக இருக்கிறது. நிறம் கண்ணைப் பறித்தால் சந்தேகப்படுங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, அது ரோடமின்-பி என்ற சாயத்தால்தான். கம்பெனி லேபிள் ஒட்டிய சிரப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். வெளிர் ரோஜா நிறமே போதும்.

பலரும் மறந்துவிடுவது பாட்டில் சோடா. பன்னீர் சோடா, ஜிஞ்சர் சோடா, கோலி சோடா, பவண்டோ எல்லாமே இதில் சேர்த்தி. பவண்டோ தருகிற காளிமார்க் 1916-ல் விருதுநகரில் தொடங்கியது. ஒவ்வொரு ஊரிலும் இதுபோல உள்ளூர்க் கம்பெனி ஒன்று இருக்கும். ஏற்பாடு செய்பவருக்கு இதில் நிம்மதி அதிகம். யாரும் கலக்க வேண்டாம், தண்ணீர் எப்படியோ என்ற கவலை இல்லை, ஐஸைக் கிளாஸுக்குள் போட வேண்டியதில்லை. மூடி திறக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி டீலரிடம் பேசலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். பிரியாணி போடுகிற ரிசப்ஷன் என்றால் பந்திக்குப் பிறகு ஜிஞ்சர் சோடாவோ புதினா எலுமிச்சையோ கட்டாயம் வையுங்கள். பாட்டில்கள் ஐஸ் தொட்டியில் குறைந்தது மூன்று மணி நேரம் கிடக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தக் கல்யாணத்திலும் நிறையப்பேர் இருப்பார்கள். அவர்களுக்கென்று தனியாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம் போட்ட நீர்மோர் ஒரு பானை வைத்து, "சர்க்கரை இல்லை" என்று எழுதிய அட்டையைச் சாத்தி வைத்தால் போதும். அந்தப் பானைதான் முதலில் காலியாகும்.

தண்ணீரும் ஐஸும்

இலைக்கு ஒரு 300 மில்லி பாட்டில் வைப்பது வழக்கமாகிவிட்டது. சாப்பிடுகிறவர் எண்ணிக்கைக்கு மேல், நூறு பேருக்குப் பதினைந்து பாட்டில் கூடுதலாக எடுங்கள். லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். மண்டபத்துக்குள் அங்கங்கே 20 லிட்டர் கேன் வைப்பதும் அவசியம், ஒரு கேனில் 200 மில்லி டம்ளர் நூறு வரும். பெரியவர்களுக்கு வெந்நீர் ஒரு ஃபிளாஸ்க்கில் இருந்தால் புண்ணியம்.

ஐஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். மீன் வண்டிக்குப் போகிற அதே ஐஸ் பாரை உடைத்துச் சர்பத்தில் போடுவது நடக்கிறது. சாப்பிட உதவாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது இதற்காகத்தான். எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று நம்பிவிட வேண்டாம். பார் ஐஸ் பாட்டிலைக் குளிரவைக்க மட்டும், கிளாஸுக்குள் போவது பையில் கட்டி வருகிற ஐஸ் க்யூப் மட்டும். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

கிளாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பாத்திரக்கடையில் கண்ணாடி கிளாஸும் எவர்சில்வர் டம்ளரும் வாடகைக்குக் கிடைக்கும். 700 கிளாஸுக்கு 300 எடுத்து, கழுவ இரண்டு ஆள் போட்டால் சுழற்சியில் ஓடிவிடும். உடைந்தால் என்ன விலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

காபி

வெல்கம் டிரிங்க் சுமாராக இருந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். காபி சரியில்லை என்றால் வருவார்கள். சம்பந்தி வீட்டு மனஸ்தாபங்களில் பாதி, "விடிகாலையில எங்க ரூமுக்குக் காபியே வரலை" என்றுதான் தொடங்கும். ரிசப்ஷன் முடிந்து மண்டபத்தில் தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். இருநூறு பேர் என்றால் காலைக்குள் நானூறு காபி.

நூறு காபிக்குத் தோராயமாக ஒரு கிலோ தூள், எட்டு லிட்டர் பால், ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ சர்க்கரை. சிக்கரி நூற்றுக்கு இருபதுக்கு மேல் போகாத தூளாக நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம். டிக்காஷன் நிறைய இறங்க நேரம் பிடிக்கும். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் மாஸ்டர் மூன்றரைக்கே ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியிருக்க வேண்டும். இரண்டாம் டிக்காஷனை முதலாவதோடு கலக்காமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் பத்துப் பத்து லிட்டராகக் காய்ச்சினால் காபியில் பழைய வாடை வராது.

மாப்பிள்ளை வீட்டு ரூம்களுக்குக் காபி கொண்டுபோக ஒரு பையனைத் தனியாக நியமியுங்கள், அவனுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். எந்த ரூமில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை இல்லாமல், யாருக்கு டீ என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி இரவே அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ரிசப்ஷன் மாலையில் காபி வேண்டுமா? ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடும் நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஐந்து மணிக்கு ஒரு சுற்று கொடுத்தால் போதும்.

மது

யாராவது கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று தமிழக அரசு அறிவிக்கை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபங்களை அதிலிருந்து நீக்கிவிட்டது. ஆக, மண்டபத்தில் மது என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமம் பெற்ற பார் இருக்கும் நட்சத்திர ஓட்டலில் ரிசப்ஷன் வைக்கிறவர்கள் ஓட்டல்காரரிடமே எது முடியும், எது முடியாது என்று கேட்டுக்கொள்ளட்டும். மண்டபத்து கார் பார்க்கிங்கில் நண்பர்கள் நடத்தும் தனிக் கச்சேரியைக் கவனித்துக்கொள்ள, அவர்கள் பேச்சுக்குக் கட்டுப்படும் அண்ணனோ மாமாவோ ஒருவரை நிறுத்துங்கள்.

ஒப்பந்தம் பேசும்போது

"ஆளுக்கு இவ்வளவு" என்று விலை சொன்னால், லிட்டர் கணக்கில் எவ்வளவு கொண்டுவருகிறார் என்றும் கேளுங்கள். 84 லிட்டர் என்ற உங்கள் கணக்கு கையில் இருந்தால் பேரம் பேசச் சுலபம். பரிமாற எத்தனை பேர் நிற்பார்கள், எத்தனை மணி வரை நிற்பார்கள்? எட்டரைக்கே மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் உண்டு. அலுவலகத்திலிருந்து நேராக வருகிறவர்கள் ஒன்பது மணிக்குத்தான் உள்ளே நுழைவார்கள். ஒன்பதரை வரை என்று எழுதுங்கள்.

எல்லாப் பாலையும் ஒரே நேரத்தில் கலக்க விடாதீர்கள். ஆறு மணிக்குப் பாதி, எட்டு மணிக்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மீதி. கலக்காத பால் மறுநாள் காலைக் காபிக்கு ஆகும், கலந்த ரோஸ்மில்க் எதற்கும் ஆகாது. மிச்சத்தைக் காலையில் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது அத்தை எடுத்துவைப்பார், விடாதீர்கள்.

மேடையில் மூன்று மணி நேரம் நிற்கப்போகும் மணமக்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலும் ஒரு ஃபிளாஸ்க்கும் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும், மணப்பெண்ணின் லிப்ஸ்டிக் கலையாமல் குடிக்கப் பேப்பர் ஸ்ட்ரா நாலைந்தும். நாதஸ்வரக்காரர்கள், போட்டோகிராபர், வேன் டிரைவர்கள், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஆகியோருக்கு எட்டு மணிக்கு ஒரு தட்டு நிறைய கிளாஸ்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை வீட்டுப் பையன் ஒருவன் பேரில் எழுதிவிடுங்கள். கேட்டரிங் ஆட்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள்.